கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் செம்பருத்தி

“மேடம், கயித்துக்கு இந்தப் பக்கமே நின்னு பாருங்க. செடியைத் தொடக் கூடாது.”

சொன்ன பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். கழுத்தில் நாடா போட்ட அட்டை தொங்கியது. அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. மலர்க் காட்சிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

ஆனால் அவள் தொடக் கூடாது என்று சொன்ன செடி என்னுடையது. அது விதையாவதற்கு முன்பே, வெறும் மகரந்தத் தூளாக இருந்தபோதே என் விரல் நுனியில் ஒட்டியிருந்த செடி அது. வெள்ளைப் பீங்கான் தொட்டியில், ஒரே ஒரு பூவுடன், பச்சைத் துணி விரித்த மேசையின் நடுவில் நின்றது.

ஓரம் அரைத்த மஞ்சள் நிறம். உள்ளே போகப் போக, ஈர விறகு எரியும்போது வருமே, அந்தப் புகை நிறம். நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கண். அகலம், என் கை விரல்களை விரித்து வைத்தால் அதற்கும் வெளியே ஒரு விரல்கடை நீளும்.

பக்கத்தில் அச்சடித்த அட்டை. “சில்வர் மஹாராணி. புதிய கலப்பினச் செம்பருத்தி. உருவாக்கியவர்” என்று போட்டு, ஒரு நர்சரிக்காரரின் பெயர். கீழே முதல் பரிசு என்று நீல நாடா.

என் கணவர் நாகராஜ் அட்டையைப் படிக்கவில்லை. பூவைத்தான் பார்த்தார்.

“அமுதா, இது நம்ம பூவு மாதிரியே கீதே?”

“மாதிரி இல்லைங்க. நம்ம பூவேதான்” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

லாரி கேபினில் வந்த கிளை

இந்தத் தொடரின் ஆரம்பத்தில் மோட்டார் வைண்டிங் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்கு ஒரு வரி: எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிப் போடுவது என் தொழில். திருவொற்றியூரில் இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன். தலைமுடி கனமுள்ள கம்பியை அறுந்துவிடாமல் நூற்றுக்கணக்கான சுற்றுச் சுற்றும் கை என்னுடையது. இந்தக் கதைக்கு அந்தக் கை முக்கியம்.

நாங்கள் குடியிருப்பது விம்கோ நகர்ப் பக்கம், வாரியக் குடியிருப்பின் மேல் மாடியில். அதற்கு மேலே மொட்டை மாடி. நாகராஜ் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் அந்த லாரிகள் வால் தெரியாமல் வரிசை கட்டி நிற்பதை இந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் திட்டியிருப்பீர்கள். அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் வீட்டில் நானும் ஒருத்தி.

ஒரு முறை அப்படிக் காத்துக் கிடந்தபோது, கன்டெய்னர் கிடங்கு ஒன்றின் வாசலில் காவல்காரர் ஒருவர் வளர்த்த செம்பருத்தியைப் பார்த்திருக்கிறார். தட்டு அகலத்தில் மஞ்சள் பூ. கேட்டு ஒரு கிளை வாங்கி, தன் பனியனைத் தண்ணீரில் நனைத்து அதில் சுற்றி, கேபினில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு வந்தார். வீடு வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. பனியனைப் பிரித்தால் கிளை பச்சையாகவே இருந்தது.

“உனக்குத் தான் செடின்னா உசுராச்சே” என்றார். வெற்று உடம்பின்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். புடவை வாங்கித் தந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

இன்னொரு செடி தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கியது. வெளிறிய ஊதாப் பூ. வேர் சரியில்லை, பிழைக்காது என்று அவரே சொன்னார். பிழைத்தது. நோஞ்சான்தான், ஆனால் பூவின் நிறம் ஊரில் யாரிடமும் இல்லாத நிறம்.

பெயிண்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தேங்காய் நார்த் தூளும் மண்புழு உரமும் கலந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அரிசி கழுவிய தண்ணீரையும், லாரித் தண்ணீரில் எனக்குக் கிடைத்த பங்கையும் செடிக்கு ஊற்றினேன். காற்று வடக்கேயிருந்து அடிக்கிற நாட்களில் இலையெல்லாம் கறுப்புத் தூசி படியும். விரலால் தேய்த்தால் மை மாதிரி ஒட்டும். எந்தப் புகைபோக்கியிலிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையில் கை காட்டுவார்கள். நான் பழைய துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பேன். எங்கள் நெஞ்சுக்குள் படிவதைத் துடைக்கத்தான் துணி கிடையாது.

வெயிலில் கருகிய காய்கள்

இரண்டு பூவைச் சேர்த்துப் புது நிறம் கொண்டுவரலாம் என்று கைபேசியில் ஒரு வீடியோவில்தான் பார்த்தேன். அவர்கள் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. கை என்ன செய்கிறது என்பது புரிந்தது. எனக்கு அது போதும்.

செம்பருத்தியின் நடுவே நீண்டிருக்கும் தண்டைப் பாருங்கள். அதைச் சுற்றி மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும், அது ஆண். தண்டின் நுனியில் வெல்வெட் பொட்டு மாதிரி ஐந்து புள்ளிகள் இருக்கும், அது பெண். மஞ்சள் பூவின் தூளை எடுத்து ஊதாப் பூவின் ஐந்து பொட்டிலும் தடவ வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிறகு காத்திருப்பதுதான் பெரிய வேலை.

முதல் வருடம் தடவிய ஒன்றுகூடக் காய்க்கவில்லை. பூ வாடும், காம்போடு விழும். இரண்டாவது வருடம் நாலைந்து பிஞ்சு வைத்து, பட்டாணி அளவு வருமுன் உதிர்ந்தது. நான் மாடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பூவுக்காக அழுததை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கும். இப்போது எழுதிவிட்டேன்.

கீழ் வீட்டு ரஹ்மத் அக்காதான் வழி சொன்னவர். வண்ணாரப்பேட்டையில் பிறந்து கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். துணி காயப் போட மாடிக்கு வருவார். செடி வளர்ப்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. என்மேல்தான் அக்கறை.

“இந்த வெயில்ல நமக்கே மண்ட காயுது. பூவுக்குக் காயாதா? நீ சித்திரையில குந்திகினு தடவுனா இன்னாத்துக்கு ஆவும்? குளிர் வரட்டும், அப்பால பண்ணு.”

அது சரியான பேச்சு. வெயில் ஏறினால் தூள் செத்துவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மார்கழியில், வேலைக்குக் கிளம்புமுன் காலையில் தடவினேன். ஒரு காய் நின்றது. அது விழாமல் இருக்கக் கொசுவலைத் துண்டில் கட்டி, எந்தப் பூவுக்கு எந்தப் பூ என்று எழுதிச் செப்புக் கம்பியால் அட்டை மாட்டினேன். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துக் காய் பழுப்பாகி வெடித்தது. உள்ளே பதினோரு விதை.

நகவெட்டியால் விதை ஓட்டில் லேசாகக் கீறி விதைத்தேன். ஏழு முளைத்தன. மாவுப்பூச்சி மூன்றைத் தின்றது. மீதி நாலில் இரண்டு சாதாரண மஞ்சள் பூத்தன. ஒன்று பூக்கவே இல்லை.

நாலாவது, விதைத்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விரிந்தது. நாகராஜ் பல் துலக்கிக்கொண்டே வந்து அப்படியே நின்றுவிட்டார். ரஹ்மத் அக்கா துணி வாளியைக் கீழே வைத்தார்.

“இன்னாடி இது, புகைக்குள்ள நின்னுகினு மஞ்ச பூசுனவ மாதிரி கீறா! புகைக்காரி!”

அதுவே பெயராகிவிட்டது. ஒரு விஷயத்தை நான் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே காயின் விதைகள்கூட ஒன்று போல ஒன்று இருக்காது. அதே இரண்டு பூவை ஆயிரம் முறை சேர்த்தாலும் புகைக்காரி மறுபடி வருவாள் என்று யாரும் சொல்ல முடியாது. உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். எங்கள் மொட்டை மாடியில், ஒரு பெயிண்ட் வாளியில்.

டீ குடித்துவிட்டுப் போனவர்

நாகராஜ் படத்தைத் தன் லாரி தோஸ்துகளுக்கு அனுப்பினார். அவர்கள் யார் யாருக்கோ அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்குள் நகரத்தின் தென்கோடியில் பெரிய நர்சரி வைத்திருக்கும் ஒருவர் எங்கள் படியேறி வந்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயருக்காக அவர் ஏற்கெனவே போதுமான அளவு செய்துகொண்டார்.

மரியாதையாகத்தான் பேசினார். பூவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, இது அபூர்வம். எந்த ரெண்டைச் சேர்த்தீங்க?”

நான் சொன்னேன். எப்போது தடவினேன், எத்தனை காய் விழுந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் செடியைப் பற்றி இவ்வளவு கேட்ட முதல் ஆள் அவர். எனக்கு வாய் நிற்கவில்லை.

“ஒரே ஒரு செடிதான் இருக்கு. நாளைக்கு ஒரு பூச்சி வந்தா போச்சு. கொஞ்சம் கிளை கொடுங்க, நான் பத்திரமா பெருக்கி வைக்கிறேன். தை மாசம் மலர்க் காட்சியில உங்க பேர்லயே வைப்போம்” என்றார்.

எட்டுக் கிளை வெட்டி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். கூடவே ஒன்று சொன்னேன்.

“சார், இதுக்கு வேர் பலமில்ல. இதோட தாய், அந்த ஊதா மாதிரியே நோஞ்சான். நாட்டுச் செம்பருத்தி மேல ஒட்டுக் கட்டுங்க. வெறுங்குச்சிய நட்டு வேர் வுட வெச்சா மழைக்குத் தாங்காது.”

அவர் சிரித்தார். “எங்களுக்குத் தெரியாததாம்மா?”

டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

“உஷாரா இருக்கணும் அமுதா. அந்தாளு டபாய்க்கிறான்” என்று ரஹ்மத் அக்கா சொன்னபோது நான்தான் அவரைக் கடிந்துகொண்டேன். பெரிய மனிதர், ஆயிரம் வேலை இருக்கும் என்றேன். மலர்க் காட்சிக்கு என்னைக் கூப்பிட மறந்திருப்பார், நாமே போவோம் என்று நானும் நாகராஜும் மெட்ரோ ஏறினோம். பட்டுப் புடவை கட்டியிருந்தேன். மேடைக்குக் கூப்பிடுவார்களோ என்று ஒரு நினைப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

“எந்த ஏரியா?”

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? அங்கே திரும்ப வருகிறேன்.

நர்சரிக்காரர் கூடத்தின் மறுகோடியில் நான்கைந்து பேருடன் நின்றார். நான் நேராகப் போனேன். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி மாறி உடனே பழையபடி ஆனது.

“அடடே, அமுதாம்மா! உங்களைக் கூப்பிடணும்னே இருந்தேன்.”

“அட்டைல உங்க பேரு போட்டுக்கீதே சார்?”

“அது ஒரு நடைமுறைம்மா. அப்புறம் பேசலாம்.”

“இப்பவே பேசலாம். அந்தப் பூவுக்குத் தாய் எது சார்? தகப்பன் எது? இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க.”

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அவர், “அதெல்லாம் தொழில் ரகசியம்” என்றார். நான் சொன்னேன். ஊதாவுக்கு மஞ்சள் தடவினேன், மார்கழி மாதம், பதினோரு விதை, ஏழு முளைப்பு, இது நாலாவது என்று சத்தமாகச் சொன்னேன். கைபேசியில் படங்களைக் காட்டினேன். செடி கையளவு இருந்தபோது எடுத்தது, முதல் மொட்டு, முதல் பூ.

காட்சியை நடத்துகிற அமைப்பின் பொறுப்பாளர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ரோஜா. படத்தை அரைப் பார்வை பார்த்துவிட்டு, “படம் யார் வேணும்னாலும் எடுக்கலாம். நீங்க உறுப்பினரா?” என்றார்.

“இல்ல.”

“எந்த ஏரியா?”

“திருவொற்றியூர். விம்கோ நகர்.”

அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். “அங்கே ரோட்டோரத்துல எருக்கு வளர்ந்தாலே பெரிய விஷயம். கலப்பினமாம்!”

நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். நர்சரிக்காரர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார். சிரிக்காமல் இருந்ததற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா? எங்களைத் தவிர அந்த இடத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நாகராஜின் கை முஷ்டியானதைப் பார்த்தேன். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

“வுடு அமுதா, ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்!”

“வேணாங்க. நீங்க கேக்கப் போறது வாயால இல்ல.”

அவர் கை ஓங்கியிருந்தால் மறுநாள் என்ன கதை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மலர்க் காட்சியில் வடசென்னை ரவுடி ரகளை. அவர்கள் எங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற கதை அது. ஆள் கிடைக்கக் காத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் படம் எடுக்க வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு முறை எங்கள் மொட்டை மாடியில் சண்டைக் காட்சி எடுக்க வந்தவர்கள், “இந்தப் பூச்செடியெல்லாம் கொஞ்சம் தள்ளி வைங்கம்மா, வடசென்னை மாதிரியே இல்லை” என்றார்கள். நான் தள்ளி வைக்கவில்லை. அவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனார்கள்.

திருடன் என்று ஒருவரைச் சொல்வது சுலபம். என்னை அதிகம் எரித்தது அந்தச் சிரிப்புதான். திருடியவருக்காவது அது என் பூ என்று தெரியும். சிரித்தவர்களுக்கு, எங்கள் பக்கத்தில் ஒரு பூ இருக்க முடியும் என்பதே தெரியாது.

மெட்ரோவில் திரும்பினோம். வண்டி நிறைய ஆட்கள். பட்டுப் புடவையின் மடியில் கையை வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது நாகராஜ் சொன்னார்: “நீ சொன்னதுதான் கரெக்டு. ஆனா எனக்கு ஆறவே இல்ல.”

எனக்கும்தான்.

நர்சரி சார் மறுபடி வந்தார்

அமைப்புக்கு மூன்று கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு ஒரு வரி வந்தது: உறுப்பினர்கள் பதிவு செய்த விவரங்களை மாற்ற விதியில் இடமில்லை. என்ன விதி அது? பொய்யை எழுத இடம் இருக்கிறது, அழிக்க இடமில்லை.

அந்த வருடம் மழை கடுமையாக இருந்தது. எங்கள் தெருவிலேயே முழங்கால் தண்ணீர். மழை விட்டு, மார்கழி முடிகிற சமயம், ஒரு காலையில் நர்சரிக்காரர் எங்கள் படியேறி வந்தார். ரஹ்மத் அக்கா அப்போது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“அம்மா, எங்க ஷெட்டுல தண்ணி நின்னுடுச்சு. அந்தச் செடிங்க எல்லாம் வேர் அழுகிப் போச்சு. ஒண்ணு விடாம போச்சு.”

நாட்டுச் செம்பருத்தியில் அவர் ஒட்டுக் கட்டவில்லை. சீக்கிரம் நிறைய வேண்டும் என்று குச்சியை நட்டு வேர்விட வைத்திருக்கிறார். நான் அவரிடம் சொன்னேன், சொன்னேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அத்தனை புகைக்காரிகள் செத்துப்போனதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“ஒரு பத்துக் கிளை மட்டும் கொடுங்க. எங்க நர்சரியிலேயே உங்களுக்கு வேலை போட்டுத் தரேன். நீங்களே வந்து ஒட்டுக் கட்டுங்க.”

“அட்டைல பேரை மாத்துங்க சார். அப்பால கிளை.”

“அந்தக் காட்சி முடிஞ்சு போச்சேம்மா.”

“அடுத்த காட்சி வருதில்ல? அதுல எழுதி வைங்க. இத்தப் பண்ணது அமுதா, திருவொற்றியூரு, போன வருஷம் நான் போட்டது தப்புன்னு. நான் கிளை மட்டும் இல்ல, செடியே ஒட்டுக் கட்டித் தரேன்.”

“அப்படி எழுதினா என்னை எல்லாரும் என்ன நினைப்பாங்க?”

துணியை உதறிக்கொண்டிருந்த ரஹ்மத் அக்கா திரும்பினார். “இவள அன்னிக்கு இன்னா நெனச்சாங்கோ? அத்த யோசிச்சியா நைனா?”

அவர் அக்காவைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். குரல் தணிந்திருந்தது.

“கோபப்படாம யோசிங்கம்மா. இது இந்த மாடியில இருந்தா யாருக்குத் தெரியும்? திருவொற்றியூர்ல இருந்து புதுப் பூ வந்திருக்குன்னா யார் நம்புவாங்க? என் பேர் இருந்ததாலதான் நின்னு பார்த்தாங்க.”

அதில் பாதி உண்மை. அதனால்தான் சுருக்கென்று குத்தியது. அவர் பெயர் இல்லாவிட்டால் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நிலைமையைப் பற்றி அவருக்கு வெட்கம் இல்லை, அதை ஒரு வசதியாக வைத்திருந்தார்.

“கீழ எறங்குங்க சார்” என்றேன். “மெதுவா எறங்குங்க. மூணாவது படி ஒடஞ்சிகீது.”

இந்த முறை டீ கொடுக்கவில்லை. டீ கொடுக்காதது எனக்கு இரண்டு நாள் உறுத்தியது. பழக்கம் அப்படி.

முப்பத்தோரு கிளை

நாகராஜ் அன்றே மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கி வந்தார். ஆள் விட்டு வெட்டிக்கொண்டு போனாலும் போவான் என்றார். பூட்டைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. இப்படிப் பூட்டி வைத்தால் அவள் என்னோடு முடிந்துபோவாள். ஒரு மாவுப்பூச்சி, ஒரு புயல், போதும். அப்புறம் அந்த அட்டையில் உள்ள பெயர்தான் மிஞ்சும்.

மறுநாள் காலை செடியை வெட்டினேன். தாய்ச்செடியை. முழங்கால் உயரத்துக்குக் குச்சியாக விட்டுவிட்டு மேலே இருந்ததையெல்லாம் வெட்டினேன். முப்பத்தோரு கிளை தேறியது. நாகராஜ் பதறிப்போனார்.

“இன்னா அமுதா பண்ற? ஒன்னே ஒன்னுதானே கீது! இதுவும் செத்துப் பூட்டா?”

“அதுக்குத்தான் வெட்றேன்.”

எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு நாட்டுச் செம்பருத்தி உண்டு. சாமிக்கு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கு என்று வாளியிலும் டப்பாவிலும் வளர்ப்பார்கள். ரஹ்மத் அக்காவைக் கூட்டிக்கொண்டு கதவு கதவாகப் போனேன். அவர்கள் செடியின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, புகைக்காரியின் கிளையை ஆப்பு மாதிரி சீவி உள்ளே செருகினேன். இரண்டு பட்டையும் நேராகச் சேர வேண்டும். அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டுகிற பக்கம் வெளியே வருமாறு இறுக்கிச் சுற்றினேன். செப்புக் கம்பி சுற்றுகிற கைக்கு அது பெரிய விஷயமில்லை. மேலே பிளாஸ்டிக் பை மாட்டி நிழலில் வைக்கச் சொன்னேன்.

“இன்னாம்மா, நல்லா பூத்துகினு இருந்த செடி மண்டையவே எடுத்துட்ட!” என்று திட்டியவர்களும் உண்டு. ரஹ்மத் அக்கா எல்லோருக்கும் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொன்னார். எருக்கு என்று சொன்னதையும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் திட்டவில்லை. இரண்டாம் மாடியில் ஒரு அம்மா தன் வீட்டில் செம்பருத்தி இல்லை என்று அண்ணன் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

மூன்று வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. ஒட்டுகளில் ஒன்பது கறுத்துப்போயின. வெட்டிய தாய்ச்செடி வெறுங்குச்சியாக நின்றது. தினமும் நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு ஒரு நாள் பைக்குள் நீர் முத்துக் கோத்திருந்த ஒரு ஒட்டில், எறும்புத் தலை அளவு ஒரு துளிர். அடுத்த வாரத்தில் இருபத்திரண்டு வீட்டில் துளிர். கடைசியாகத்தான் தாய்ச்செடியும் கண் திறந்தது.

அடுத்த மழைக்கால முடிவில் எங்கள் கட்டடத்தில் எட்டு வீட்டில் பூ. வளர்த்தவர்களிடமிருந்து அடுத்த கிளை, அங்கிருந்து அடுத்தது. ராயபுரத்துக்குப் போனது, வியாசர்பாடிக்குப் போனது, எண்ணூர்க் குப்பத்துக்குப் போனது. ஒட்டுக் கட்டத் தெரியாதவர்களுக்கு ஞாயிறு காலைகளில் எங்கள் மாடியில் சொல்லிக் கொடுத்தேன். கிளை கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: இவளுக்கு வேறு பெயர் வைக்காதீர்கள்.

அந்த மலர்க் காட்சியில் பிறகு சில்வர் மஹாராணி வரவே இல்லை என்று கேள்வி. ஆனால் பரிசுப் பட்டியலில் அந்த வருடத்துக்கு நேராக நர்சரிக்காரரின் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் இன்றைக்கும் பொறுப்பாளராகத்தான் இருக்கிறாராம். எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அது இருக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன்.

போன வாரம் கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எண்ணூரிலிருந்து ஒரு பெண். குரலில் மூச்சு வாங்கியது.

“அக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எங்க நாத்தனார்கிட்ட இருந்து கிளை வந்துச்சு. இன்னிக்குப் பூத்துடுச்சுக்கா! தெருவே வந்து நின்னுகினு கீது. எம்பொண்ணு இஸ்கூலுக்கு எத்துனு போவணும்றா. டீச்சர் கேட்டா இன்னா பேரு சொல்றது?”

“புகைக்காரி.”

“இத்த யாரு கண்டுபுடிச்சதுன்னு கேட்டா?”

கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தேன்.

“பேனா கீதா? எழுதிக்கோ” என்றேன்.